லாட்ஜ் அறைக்குப் போகாத வைத்தியம்

'சேலம் வைத்தியர்' என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கு நமட்டுச் சிரிப்பு வரும். பஸ் ஸ்டாண்டு சுவரொட்டி, லாட்ஜ் அறையில் முகாம், டி.வி.யில் மிரட்டும் குரல் என்று அந்தப் பெயர் அப்படி ஊன்றிவிட்டது. பாலியல் திறனைக் கூட்டித் தருவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சுவரொட்டிக்கு அது தெரியாதுபோலும்.

விறைப்புக் கோளாறுக்குப் பின்னால் பல நேரம் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் புகையும்தான் இருக்கின்றன. ஆணுறுப்பின் தமனி இதயத் தமனியைவிட மெலிது. அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரியலாம்; நெஞ்சுவலி சில ஆண்டுகள் கழித்து வரலாம். லேகியம் தின்று கடத்துகிற நாட்கள் இவைதான்.

1998-ல் சில்டெனாஃபில் மாத்திரை வந்தது. இதயத்துக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. மாத்திரை கேட்காதவர்களுக்கு ஊசி. அதுவும் பலிக்காவிட்டால்தான் அறுவை சிகிச்சை செய்து உள்ளே கருவி பொருத்துவது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற மருத்துவர் 1973-ல் அறிமுகப்படுத்திய கருவி, நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். டிப்பரைத் தூக்குகிற ஹைட்ராலிக் வேலைதான் அது. உறுப்புக்குள் இரண்டு உருளைகள், விதைப்பையில் சிறு பம்ப், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை. பம்பை அழுத்தினால் நீர் உருளைக்குள் ஏறும்; வேலை முடிந்ததும் திருப்பி விடலாம். வெளியே எதுவும் தெரியாது. விலைதான் கையைக் கடிக்கும்.

அந்த இடத்தில்தான் மும்பை யூராலஜி மருத்துவர் ரூபின் ஷா நினைவுக்கு வர வேண்டும். பம்ப் இல்லாமல், வளைத்து வைத்துக்கொள்ளும் இரண்டு சிலிக்கோன் தண்டுகளாகக் குறைந்த விலையில் ஓர் இந்தியக் கருவியை வடிவமைத்தார். மேலுறையைக் கழற்றினால் தடிமன் குறையும், ஆளுக்கேற்ப மாற்றலாம்.

கருவி வைத்தாலும் உணர்ச்சியும் விந்து வெளியேறுவதும் பழையபடிதான். ஆசை குறைந்திருந்தால் இது அதைக் கூட்டாது. உள்ளே இருக்கும் பஞ்சுத் திசு சிதைவதால் இயற்கை விறைப்புக்குத் திரும்பவும் முடியாது. கிருமி தொற்றினால் கருவியையே எடுக்க நேரலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். தாம்பத்தியத்துக்கு ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும்.

சேலத்திலேயே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. யூராலஜி மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள்.