கழுநீர்ப் பானையும் காற்றில்லாத் தொட்டியும்

அரிசி களைந்த நீரைப் பானையில் ஊற்றி வைத்தால் மாவு அடியில் படிகிறது. மேலே நீர் தெளிகிறது. தெளிந்ததை மெல்ல இறுத்தால் மாவு பானையிலேயே தங்கும். கழிவு நீரைத் தூய்மை செய்யும் அரிய முறை ஒன்றின் கருவும் இதுவே.

அழுக்கை உண்டு மீத்தேன் வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்கள் சில, காற்றில்லா இடத்தில் வாழ்கின்றன. இவற்றுக்குக் காற்றூதும் செலவு இல்லை. மிஞ்சும் கசடும் குறைவு. ஆயினும், இம்முறை செறிந்த கழிவுக்கே ஏற்றது, நீர்த்த கழிவுக்கு ஆகாது என நெடுங்காலம் கருதினர். ஏன்?

முதற் காரணம் வெப்பம். இவ்வுயிர்கள் 35 பாகை செல்சியஸ் அளவில் நன்கு இயங்கும். லிட்டருக்கு 600 மில்லிகிராம் உயிர்வளி கொண்டு சிதைக்கத்தக்க அழுக்குள்ள நீர் தரும் மீத்தேன் முழுவதையும் எரித்தாலும், அந்நீரின் வெப்பம் 2 பாகைகூட உயராது. மற்றொன்று, இவை மெதுவாகப் பெருகுபவை. நீர்த்த கழிவை விரைந்து செலுத்தினால், பெருகுமுன்பே நீரோடு போய்விடும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரிச்சர்ட் டேக் குழுவினர் 1990களில் இதற்கு வழி கண்டனர். ஊற்றல், வினைபுரிய விடல், படிய விடல், இறுத்தல் ஆகிய நான்கும் ஒரே தொட்டியில் முறையே நிகழும்.

நுட்பம் யாதெனில், ஊற்றியவுடன் உணவு மிகுதி. உயிர்கள் வேகமாக உண்டு வாயுவை எழுப்பும். உணவு குறைந்ததும் குமிழிகள் அடங்கும். கலக்குவாரின்றிக் கசடு திரண்டு அமரும். ஆகவே நீர் சில மணி நேரமே தங்க, உயிர்களோ பல நாள் தங்குகின்றன.

கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து, மேற்சொன்ன 600 மில்லிகிராம் அளவில், 25 முதல் 5 பாகை வரை இக்குழுவினர் நடத்திய சோதனை 1998இல் வெளியாயிற்று. 5 பாகைக் குளிரில், 6 மணி நேரத் தங்கலிலும், கரைந்த அழுக்கில் 62 விழுக்காடு நீங்கிற்று!

குறையும் உண்டு. அம்மோனியா நீங்காது. மீத்தேனில் ஒரு பகுதி நீரில் கரைந்தே வெளியேறிப் பின் காற்றில் கலக்கும். அது புவியை வெப்பமாக்கும் வாயு. ஆதலின் இறுத்த நீருக்கு மேலும் தூய்மை வேண்டும்.

மலேசியாவின் செம்பனை ஆலைகள் தம் செறிந்த கழிவுக்குக் காற்றில்லாக் குளங்களை நெடுநாளாகப் பயன்படுத்துகின்றன. லயங்களில் குளித்த நீரும் சமையற்கட்டு நீரும் நீர்த்தவை. அவை ஓடையில் கலந்தால் ஓடை கெடும். நம் தாழ்நிலங்களில் குளிர் என்னும் தடையும் இல்லை. ஆசிரிய அன்பர்கள் ஒரு கண்ணாடிப் புட்டியில் அரிசி களைந்த நீரை ஊற்றி வகுப்பில் வைத்து, எது போகவேண்டும், எது தங்கவேண்டும் என மாணவரைக் கேட்டுப் பாருங்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.