86 மாணவர்களும் ஒரு தறிக்குழியும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உளவியல் முதுகலை படிக்கிறார். வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. ஆய்வேட்டைத் தொடங்கும் முன், வளரிளம் பருவத்தினரின் சுய அடையாளம் குறித்து இதுவரை வந்த ஆய்வுகளுக்கு ‘அனோட்டேட்டட் பிப்ளியோகிராபி’ தயாரித்துக்கொண்டு வரும்படி கைடு சொல்லிவிட்டாராம். “நூலடைவு எனக்குத் தெரியும் சார். கூடவே குறிப்பும் எழுத வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரையின் தலைமாட்டிலும் சுருக்கம் அச்சாகித்தானே இருக்கிறது? நான் புதிதாக என்ன எழுதுவது?” என்பது அவருடைய கேள்வி.

என் அத்தையிடம் ஒரு மொய் நோட்டு உண்டு. பெயர், ஊர், தொகை என்று மூன்று பத்தி எல்லோர் வீட்டு நோட்டிலும் இருக்கும். அத்தை ஓரத்தில் பென்சிலால் நாலாவது பத்தி ஒன்று வைத்திருந்தார். ‘நாம் வைத்ததில் பாதிதான், ஆனால் அந்த வருஷம் அவர்களுக்கு விளைச்சல் இல்லை’, ‘தொகை பெரிது, வந்தது மச்சான் மட்டும்’ என்றெல்லாம் எழுதியிருப்பார். அடுத்த கல்யாணத்துக்கு யாருக்கு எப்படிச் செய்வது என்று முடிவுசெய்ய வீட்டுப் பெரியவர்கள் புரட்டிப் பார்த்தது அந்த நாலாவது பத்தியைத்தான். வாசகியிடம் கைடு கேட்டிருப்பதும் அதுவே. சுருக்கத்தைக் கட்டுரை ஆசிரியரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். அந்த ஆய்வு யாரைப் பார்த்தது, யாரைப் பார்க்கவில்லை, என் வேலைக்கு அதில் எது உதவும், எது உதவாது என்பதைப் படித்தவர்தான் எழுத முடியும்.

உளவியலாளர் எரிக் எரிக்சனைத் தாண்டிப் போகிறேன். அவர் பாடத்திட்டத்திலேயே இருந்திருப்பார். இந்தத் துறையில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் கட்டுரை ஜேம்ஸ் மார்சியா 1966இல் எழுதியது. மொத்தம் எட்டே பக்கம். எரிக்சன் பெரிய வீச்சில் பேசிய ‘அடையாள நெருக்கடி’யை அளந்து பார்க்க முடியுமா என்று மார்சியா முயன்றார். தொழில், மதம், அரசியல் பற்றி ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசினார். பதில்களில் அவர் தேடியது இரண்டைத்தான்: இவர் தனக்குள் கேள்வி கேட்டுத் தேடியிருக்கிறாரா? எதிலாவது பிடிப்போடு நிற்கிறாரா? அதை வைத்து நாலு பெட்டிகள் பிறந்தன. தேடி அடைந்தவர்கள் ஒரு பெட்டி, இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு பெட்டி. தேடலும் பிடிப்பும் இல்லாதவர்களுக்கு ஒன்று. மிச்சமுள்ள பெட்டியில், தேடாமலேயே அப்பா அம்மா காட்டியதைப் பிடித்துக்கொண்டவர்கள்.

அந்தக் கடைசிப் பெட்டியை நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதுண்டு. அதில் விழுந்தவர்கள் அதிகாரத்துக்குப் பணியும் மதிப்பீடுகளை மற்றவர்களைவிட அதிகம் ஏற்கிறார்கள், எட்டாத இலக்குகளை வைத்துக்கொள்கிறார்கள் என்று கட்டுரை சொல்கிறது. தேடி அடைந்தவர்களுக்கோ சோதனையில் நல்ல மதிப்பெண். சரி, யாரிடம் கேட்டார்கள்? அமெரிக்காவில் கல்லூரியில் படித்த 86 ஆண் மாணவர்களிடம். பெண் ஒருத்தியும் இல்லை. அதே வயதில் வேலைக்குப் போய்விட்ட பையன்களும் இல்லை.

இந்தப் பெட்டிகளைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா வேண்டும். நெய்பவரின் கை ஒரு பக்கக் கரையைப் பார்த்துக்கொள்ளும். மறு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தேவை. பழைய நாளில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்து பழகியவன் பதினெட்டு வயதில் தறிக்குழியில் தானே இறங்குகிறான். மார்சியாவின் கணக்குப்படி அவன் தேடாதவன். ஆனால் அவனோடு படித்தவர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வருவதைத் தினமும் பார்த்துக்கொண்டே தறியில் இருப்பவன் தேடவில்லை என்று எப்படிச் சொல்வது? இன்னொரு வீட்டில், முதலாளியிடம் அப்பா வாங்கிய முன்பணத்துக்காக உட்கார்த்தப்பட்ட பிள்ளைக்குத் தேடுவதற்கு இடமே இல்லை. விரும்பி ஏற்றவன், வேறு வழியில்லாதவன், வெளி வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் மூவரையும் ஒரே பெட்டியில் போட்டு மூடினால் அந்த ஆய்வேட்டால் யாருக்கு என்ன பயன்?

இதையெல்லாம் குறிப்பில் எழுதலாமா என்று வாசகிக்குத் தயக்கம் வரலாம். தாராளமாக எழுதலாம். இணையத்தில் மலிந்து கிடக்கும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘இக்கட்டுரை சுய அடையாளத்தை விரிவாக ஆராய்கிறது, ஆய்வாளர்களுக்கு மிகவும் பயனுள்ளது.’ இதை எழுதக் கட்டுரையைப் பிரிக்கவே வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘86 கல்லூரி ஆண்கள், நேர்காணல். தேடலும் பிடிப்பும் அளவுகோல்கள். தொழில் குறித்த கேள்விகள், தொழிலை இனிமேல்தான் தேர்ந்தெடுக்கப் போகிறவரை மனதில் வைத்தவை. ஏற்கெனவே தறியில் இருப்பவரிடம் அப்படியே கேட்க முடியாது. அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் வழியை ஏற்றவர்கள் பற்றிய முடிவை எடுத்துக்கொள்ளவில்லை.’ ஐந்தாறு வாக்கியம் போதும்.

இந்தக் குறிப்பு சரியாக அமைந்துவிட்டால், அடுத்து எதைப் படிப்பது என்பதையும் அதுவே காட்டிவிடும். பெண்கள் எங்கே என்று கேட்டால் ருத்தெல்லன் ஜோசல்சனிடம் போய்ச் சேருவீர்கள். கல்லூரிப் பெண்களை நேர்கண்டு, பல ஆண்டுகள் கழித்து அவர்களையே மீண்டும் தேடிப் போனவர். 1987இல் ஒரு புத்தகம், 1996இல் ஒரு புத்தகம். பெற்றோர் வழியைப் பிடித்தவர்களை அவர் இரண்டாவது புத்தகத்தில் ‘காவலர்கள்’ என்கிறார். மற்ற நாட்டுப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் எழுதிய கட்டுரை கிடைக்கும். அமெரிக்க உளவியல் உலக மக்கள்தொகையில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவானவர்களைப் பார்த்துவிட்டு மனித இயல்பைப் பேசுகிறது என்பது அவர் வாதம். நம் நாட்டில் எப்படி என்றால் பரோடாவில் பணியாற்றிய டி.எஸ். சரஸ்வதி. இந்தியாவில் வளரிளம் பருவம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா, இல்லை அது இப்போதுதான் உருவாகி வருகிறதா என்று 1999இல் தன் கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டவர். ஆய்விதழ்களுக்கு வெளியே ஒரு பதிவும் சேர வேண்டும்: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம். 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை ‘வளரிளம் பருவத்தினர்’ என்று தனியாக வரையறுத்தது அது. 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் உதவுவதற்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. தறி வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர் அந்தக் கதவைப் பார்க்காமல் போக முடியாது.

கொஞ்சம் குறைபட்டுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. நம் கல்லூரிகளில் நூலடைவு என்பது கடைசி நாளில் பைண்டிங்குக்குப் போகும் முன் ஒட்டவைக்கும் பக்கமாகிவிட்டது. சீனியரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுப்பதால், அவர் விட்ட எழுத்துப்பிழைகூடத் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. இப்போது கேட்டதும் பட்டியல் தரும் கணினி உரையாடிகளும் வந்துவிட்டன. ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழின் பெயரும் உண்மையாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்தில் எங்கும் இருக்காது. இதற்கு மாறாக, தமிழ் நூல்களைத் தொகுத்து ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் அச்சிட்ட பட்டியலைப் பார்க்கிறேன். மதப் பரப்புநரான அவருடைய தீர்ப்புகள் பலவற்றோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் துறை பிரித்து, முகவுரைக் குறிப்புகளோடு தொகுத்து வைத்திருக்கிறார். சண்டை போடவாவது அதில் ஆள் இருக்கிறார்.

எத்தனை பதிவு என்று கைடு சொல்லவில்லையாம். முழுதாகப் படிக்க முடிந்த எண்ணிக்கையோடு நிறுத்துங்கள்; பன்னிரண்டு போதும் என்பேன். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் அடுக்கிக் கொடுங்கள். ஆனால் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதியில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற வரிசையில் வையுங்கள். கடைசியாக ஒன்று. உங்கள் ஊர்த் திரைலோக்கியநாதர் கோயிலின் கூரை ஓவியங்களை விரிவாக விவரித்து டி.என். ராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. அது வேறு துறை, இந்தப் பட்டியலில் சேராது. ஆனாலும் குறிப்பு எழுத உட்காரும் முன் ஒரு மணி நேரம் அதைப் புரட்டுங்கள். கண்ணால் பார்த்ததை எழுதுகிறவரின் வாக்கியம் எப்படி நடக்கும் என்று பிடிபடும்.