காதுல பூ... விலை 4,800 ரூபாய்!

"மச்சான், கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. அந்த வயலின் இருக்கு பாரு, அப்படியே உன் பக்கத்துல வந்து உக்காந்து வாசிக்கும்!"

ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்க ஹாஸ்டல் ரூம் கச்சேரி சபாவா மாறினது இப்படித்தான். ரூம்மேட் வாங்கிட்டு வந்தது புது ஸ்பீக்கர் இல்லை, புது ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஒயர்! ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கருக்குப் போற வெறும் மூணு மீட்டர் ஒயர். விலை 4,800 ரூபாய். ரெண்டு பிளஸ் டூ பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்து, கேன்டீன் பஜ்ஜியைக்கூடத் தியாகம் பண்ணிச் சேர்த்த காசு.

ஷோரூம்ல சொன்ன கதைகளை வரிசையா எடுத்துவிட்டான். ஆக்ஸிஜன் இல்லாத காப்பராம். ஒயர் மேல அம்புக்குறி போட்டிருக்காம், அந்தத் திசையிலதான் மாட்டணுமாம். 200 மணி நேரம் பாட்டு ஓடினாத்தான் ஒயர் 'பழகுமாம்'!

சிரிக்காதீங்க பாஸ். அன்னிக்கு ராத்திரி கேட்டப்போ சத்தியமா எனக்கும் வித்தியாசம் தெரிஞ்சுது. வயலின் பளிச்னு இருந்துச்சு. என் கையிலயும் ஸ்காலர்ஷிப் பணம் ஆறாயிரம் இருந்துச்சு. அடுத்த வாரம் நானும் ஒண்ணு வாங்கறதா முடிவே பண்ணிட்டேன்.

கெடுத்தது பக்கத்து ரூம் நண்பன். "ரெண்டு பேரும் பெட்ஷீட்டுக்கு இந்தப் பக்கம் உக்காந்து, எந்த ஒயர்னு சொல்லுங்கடா பாப்போம்" என்றான்.

பெட்ஷீட் பரீட்சை

ரெண்டு கட்டிலுக்கு நடுவுல பெட்ஷீட்டைக் கட்டினோம். அந்தப் பக்கம் ஆம்ப், புது ஒயர், பழைய ஒயர். பழசு எது தெரியுமா? எலெக்ட்ரிக்கல் கடையில வாங்கின 1.5 சதுர மில்லிமீட்டர் சாதா காப்பர் ஒயர். வீட்டு வயரிங்குக்குப் போடுறது!

நண்பன் ஒவ்வொரு தடவையும் காசு சுண்டுவான். தலை விழுந்தா புதுசு, பூ விழுந்தா பழசு. அதே ஒயர் மறுபடி வந்தாலும் கழட்டித்தான் மாட்டணும். இல்லைனா சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடுவோமே! வாயைத் திறக்கக் கூடாது, மேஜையை மட்டும் தட்டணும். வால்யூம் திருகாணியை யாரும் தொடக் கூடாது. பாட்டு ராஜா சாரோடது, 16 ரவுண்டும் அதே பாட்டுதான்.

ஏன் 16? சும்மா குருட்டாம்போக்குல சொன்னாலே எட்டு வாட்டி சரியா வந்துடும். ஆனா 12 அல்லது அதுக்கு மேல அதிர்ஷ்டத்துல மட்டும் சரியா சொல்றதுக்கான வாய்ப்பு நூத்துல நாலுக்கும் கம்மி. புராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வச்சவங்களும் போட்டுப் பாக்கலாம்.

ரிசல்ட்: ரூம்மேட் 9. நான் 7.

லேப்ல என்ன சொல்லுச்சு?

"டெஸ்ட் தப்புடா, டென்ஷன்ல காது வேலை செய்யலை" என்றான் ரூம்மேட். நியாயமான வாதம்தான். சரி, மீட்டருக்கு டென்ஷன் கிடையாதேன்னு திங்கட்கிழமை லேப் அண்ணாகிட்ட பெர்மிஷன் வாங்கி உள்ளே போனோம். இவ்வளவு சின்ன ரெசிஸ்டன்ஸை சாதா மல்டிமீட்டர் ஒழுங்கா காட்டாது. அதனால ஒயர் வழியா 1 ஆம்பியர் அனுப்பி, எத்தனை மில்லிவோல்ட் விழுதுன்னு அளந்தோம். போக வர மொத்தம் ஆறு மீட்டர்.

பழைய ஒயர் சுமார் 67 மில்லி ஓம். புது ஒயர் தடிமன் என்பதால சுமார் 40. 'அட, புதுசு நிஜமாவே பெட்டர்!'னு அவன் முகம் மலர்ந்துச்சு. கணக்கைப் போட்டோம். 8 ஓம் ஸ்பீக்கர்ல இந்த வித்தியாசம் வெறும் 0.03 டெசிபல்! பாட்டுல ஒரு டெசிபல் கூடினாவே கவனிச்சுக் கேட்டாத்தான் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் கண்ணைக் கட்டிச் சோதிக்கும்போது சத்தத்தை 0.1 டெசிபலுக்குள்ள சமப்படுத்துவாங்க. அந்த எல்லையைவிடவும் இது கம்மி.

ஆக்ஸிஜன் இல்லாத காப்பர்? சாதா மின்கம்பிக் காப்பரோட ஒப்பிட்டா கடத்துதிறன்ல அதிகபட்சம் ஒரு சதவீத வித்தியாசம். கொஞ்சம் தடிமனான ஒயர் வாங்கினா அதைத் தாண்டிடலாம். அம்புக்குறி? பாட்டு சிக்னல் ஏ.சி. பாஸ், நொடிக்கு 20 முதல் 20,000 தடவை போய்ப் போய்த் திரும்புது. ஒன்வே போர்டைப் பாத்து அது நிக்காது!

'அப்போ நான் கேட்டது என்னடா?'

மெஸ்ல சாப்பிடாம தட்டையே பாத்துக்கிட்டு இருந்தவன் திடீர்னு இதைக் கேட்டான். நல்ல கேள்வி. அவன் பொய் சொல்லலை. நானும் பொய் சொல்லலை. எங்களுக்கு நிஜமாவே அப்படித்தான் கேட்டுச்சு.

இதே கேள்விக்கு 1994-லயே ஒரு பதில் இருக்கு. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், தாங்க வேலை பார்த்த ஹார்மன் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உக்கார வச்சு நாலு ஸ்பீக்கருக்கு மார்க் போடச் சொன்னாங்க. திரைக்குப் பின்னாடி வச்சு ஒரு தடவை, கண்ணுக்கு எதிர்ல வச்சு ஒரு தடவை. பாத்துக்கிட்டே கேட்டப்போ பெரிய, விலை அதிகமான ஸ்பீக்கருக்கு மார்க் ஏறிடுச்சு. சின்ன, மலிவானதுக்கு இறங்கிடுச்சு. ஸ்பீக்கர் தொழில்லயே இருக்கறவங்களுக்கே இந்தக் கதின்னா நாம எம்மாத்திரம்? காது கேக்குறதுக்கு முன்னாடியே கண்ணு மார்க் போட்டுடுது.

அதே மாதிரிதான் 'ஹை-ரெஸ்' சமாசாரமும். சி.டி. தரம்னா 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள். மனுஷக் காதோட எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு இதுவே போதும்னு சாம்ப்ளிங் தியரம் சொல்லுது, செமஸ்டர்ல எழுதித் தள்ளினோமே! 2007-ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் வெளியிட்ட சோதனையில, உயர்தர டிஸ்க்கை நேரடியாவும், சி.டி. தரத்துக்கு இறக்கியும் மாத்தி மாத்திப் போட்டாங்க. 554 தடவையில சரியா சொன்னது 276. காசு சுண்டினாலே 277 வரணும்!

வாட் வேதாளம்

விளம்பரக் கணக்குல நம்ம ஊர் பழைய புள்ளி ஒருத்தர் இருக்கார், பி.எம்.பி.ஓ. வீட்டுப் பரண்ல கிடக்கிற பழைய ஹோம் தியேட்டர் பெட்டியைப் பாருங்க. முன்னாடி '2,500 வாட்'னு கொட்டை எழுத்துல இருக்கும். பின்னாடி ஸ்டிக்கர்ல கரன்ட் செலவு 30 வாட்னு பொடி எழுத்துல இருக்கும். உள்ளே 30 போய் வெளியே 2,500 வந்தா, அந்த செட்டை நெய்வேலிக்கு அனுப்பிடலாம்! கண் சிமிட்டுற நேரத்துக்கும் கம்மியா வர்ற உச்சத்தைப் பெருக்கிக் காட்டுற நம்பர் அது, அளக்க ஒரு பொதுவான விதியே கிடையாது. அமெரிக்காவுல 1974-லயே ஆம்ப் விளம்பரத்துல தொடர்ந்து கொடுக்குற வாட்டைத்தான் சொல்லணும்னு அரசு விதி போட்டுடுச்சு. 2024-ல அதை இன்னும் இறுக்கினாங்க.

அப்போ எல்லாமே ஒண்ணுதானா?

இல்லவே இல்லை. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர், ஹெட்போனுக்கு ஹெட்போன் வித்தியாசம் ஏராளம். கண்ணைக் கட்டினாலும் தெரியும், அளந்தாலும் தெரியும். ரூம் இன்னும் மோசம். எங்க ஸ்பீக்கர் ரெண்டும் கட்டிலுக்கு அடியில, சுவர் மூலையில கிடந்துச்சு. எடுத்து மேஜை மேல, காது உயரத்துக்கு வச்சு, போன் ஆப்ல முன்னாடி பின்னாடி அளந்தோம். கும்முனு வீங்கியிருந்த பாஸ் பகுதி கிராஃப்ல அப்படியே இறங்கிடுச்சு. செலவு? மேஜையைத் துடைச்ச பழைய பனியன் ஒண்ணு.

கடைக்குக் கிளம்புறீங்களா? ஒரு நிமிஷம்!

* வாட்னா 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவுன்னு கேளுங்க. பி.எம்.பி.ஓ.ன்னா வாய்க்குள்ளயே சிரிச்சுக்குங்க.

* '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை'ன்னு மட்டும் போட்டிருந்தா பத்தாது. பக்கத்துல பிளஸ் ஆர் மைனஸ் எத்தனை டெசிபல்னு இருக்கணும்.

* ரெண்டு பொருளை ஒப்பிடும்போது சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. துளி அதிகமா கத்துறதுதான் எப்பவும் 'நல்லா' கேக்கும். இது சேல்ஸ்மேனுக்கும் தெரியும்!

* காசை முதல்ல ஸ்பீக்கர்ல போடுங்க, அப்புறம் அதை வைக்கிற இடத்துல அக்கறை காட்டுங்க. ஒயர் கடைசி.

* முடிஞ்சா கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேளுங்க. தெரியாத வித்தியாசத்துக்குக் காசு கொடுக்காதீங்க.

ஷோரூம்ல 'பிரிச்ச ஒயரைத் திருப்பி எடுக்க மாட்டோம்'னு கையை விரிச்சுட்டாங்க. ரெண்டு நாள் உர்ருனு இருந்த ரூம்மேட், மூணாம் நாள் டியூஷன் பசங்களுக்கு டெசிபல் கணக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வந்தான். எடுத்துக்காட்டு எண்கள் 67-ம் 40-ம்தானாம்!

என் ஆறாயிரம் எக்ஸாம் ஃபீஸுக்குப் போச்சு. அந்த 4,800 ரூபாய் ஒயர் இப்பவும் எங்க ரூம்லதான் மாட்டியிருக்கு. ராத்திரி பாட்டு போட்டா வயலின் பிரமாதமாத்தான் கேக்குது. அந்தப் பெருமை வாசிச்சவருக்கு!