பகலில் ஒரு தமிழ், போனில் ஒரு தமிழ்: ஊர்ப்பேச்சை எங்கே தொலைக்கிறோம்?

இரவு 9 மணி. சென்னையில் ஏதாவது ஒரு பெண்கள் ஹாஸ்டலின் வராந்தாவில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஆளுக்கொரு மூலையில், காதில் போனோடு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

``சாப்ட்டனுங்கம்மா… நீங்க சாப்டீங்களா?''

``எம்மா, அப்பா வந்தாவளா?''

``தம்பி எங்கிட்டுப் போனான்? இம்புட்டு நேரமாச்சு…''

கோவை, நெல்லை, மதுரை என மூன்று ஊர்களும் பத்தடி தூரத்துக்குள் நிற்கும். ஆனால், இதே மூன்று பேர் காலையில் ஆபீஸில் பேசியதைக் கேட்டிருந்தால், யார் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. திரையில் `அம்மா' என்று வந்தால் மட்டும் ஊர் வெளியே வருகிறது. அழைப்பை முடித்ததும் மறுபடி உள்ளே போய்விடுகிறது.

இடத்துக்குத் தகுந்தபடி பேச்சை மாற்றுவது தப்பில்லை. நான்கு ஊர்க்காரர்கள் ஒன்றாக வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் புரிகிற பொதுப்பேச்சு வேண்டும்தான். ஆனால், பலர் அந்த வசதிக்காக மட்டும் மாறவில்லை. எப்போதோ ஒருமுறை யாரோ சிரித்தார்கள் என்பதால் மாறியவர்கள் நிறைய.

`எங்கே, இன்னொரு தடவை சொல்லு!'

வெளியூர் காலேஜில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். முதல் வாரம், கேன்டீன். தெற்கத்திப் பெண் ஒருத்தி, ``அண்ணே, வெஞ்சனம் என்ன இருக்கு?'' என்று கேட்கிறாள். தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து டேபிளில் சிரிப்பு. ``என்னது? எங்கே, இன்னொரு தடவை சொல்லு!'' அவளும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அடுத்த நாள் வேறொருவர் சொல்லச் சொல்கிறார். ஒரு மாதத்தில் `வெஞ்சனம்' அவளுக்குப் பட்டப்பெயராகிறது. அடுத்த செமஸ்டரில் அவள் `சைடு டிஷ்' என்கிறாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. ஒரு சொல் மட்டும் அவள் வாயிலிருந்து போய்விட்டது. நாளைக்கு அவள் பிள்ளைக்கு அந்தச் சொல் இருந்ததே தெரியாது.

கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாத இலக்கணம்

ஊர்ப்பேச்சு என்றால் இஷ்டத்துக்குப் பேசுவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மீம்ஸிலும் ரீல்ஸிலும் நெல்லைக்காரர் என்றால் வாக்கியத்துக்கு வாக்கியம் `லே' போடுவார். உண்மையில் அப்படிக் கண்டபடி போட முடியாது. சேக்காளியிடமும், தன்னைவிடச் சின்ன பையனிடமும் `ஏலே' என்று சொல்லலாம். அண்ணாச்சியிடம் `லே' போட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். பெண்பிள்ளைகளுக்கு அது `ஏட்டி' ஆகிவிடும். அன்பாகச் சொன்னால் ஒரு பொருள், முன்பின் தெரியாதவர் சொன்னால் வேறு பொருள். யார், யாரிடம், எந்தத் தொனியில் சொல்லலாம் என்பதெல்லாம் அந்த ஊர்க் குழந்தைக்கு ஐந்து வயதிலேயே அத்துப்படி.

மதுரைப் பக்கமும் இப்படித்தான். `பயலுக வந்தாய்ங்க' என்பார்கள். `மாமா வந்தாய்ங்க' என்று சொல்ல மாட்டார்கள். மாமா என்றால் `வந்தாக'. பொதுப்பேச்சில் இரண்டுக்கும் `வந்தாங்க' என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நெருக்கத்துக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று எனப் பிரித்து வைத்திருக்கும் நுணுக்கம் அதில் இல்லை.

கொங்கு நாட்டில் `ங்க' இல்லாமல் பேச்சே நகராது. `ஏனுங்க', `சரீங்க', `இல்லீங்க' என்று வயதில் சின்னவர்களிடமும் சொல்வார்கள். பள்ளிக்குக் கிளம்பும் குழந்தையைக்கூட `வாங்க கண்ணு' என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. `வரவேண்டும்' என்பது மதுரையில் `வரணும்' என்றால் கோவையில் `வரோணும்'.

`ழ' வராது என்ற கேலியும் பழசு. சென்னை, வட மாவட்டங்களில் வாழைப்பழம் `வாயப்பயம்' ஆகிறது. மதுரைக்குத் தெற்கே `வாளப்பளம்'. வடக்கே `ய', தெற்கே `ள' என்று ஒழுங்காகத்தான் மாறுகிறது. நாக்குக்குச் சோம்பல் என்றால் இப்படி ஊர் ஊராக ஒரே மாதிரி மாறாது.

சந்தைக்குப் போவோமா?

பேச்சு வித்தியாசத்தைக் காதால் கேட்க வேண்டும் என்றால் சந்தையைவிட நல்ல இடம் இல்லை.

சென்னையில் வேர்க்கடலை. கொங்குப் பக்கம் கடலைக்காய். விழுப்புரம், கடலூர் பக்கம் போனால் அதுவே `மல்லாட்டை'. பெயர் வேடிக்கையாக இருக்கிறதா? மணிலாக்கொட்டைதான் வாயில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர் மணிலா, நம் ஊர் மானாவாரி நிலத்தில் பெயராக முளைத்திருக்கிறது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் கடல் தாண்டி நம்மிடம் வந்த கதையின் ஒரு துண்டு, அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் கேட்டால் `கச்சான்' என்பார்கள்.

மரவள்ளிக்கிழங்கு, சேலம் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனி. பனையிலிருந்து இறக்கும் பதநீர், கோவைப் பக்கம் தெளுவு, குமரியில் அக்கானி. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மற்ற ஊர்களில் பழையது, குமரியில் `பழஞ்சி'.

சில சொற்கள் ஊர் மாறினால் ஆளையே ஏமாற்றும். குமரியில் `உள்ளி' வாங்கி வரச் சொன்னால் வெங்காயம் வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதே `உள்ளி' பூண்டு. தஞ்சைப் பக்கம் `கொல்லை' என்றால் வீட்டின் பின்பக்கம். திருவண்ணாமலை, தருமபுரி பக்கம் `கொல்லைக்குப் போயிருக்கார்' என்றால் மனிதர் நிலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். டெல்டா மருமகள் வடமாவட்ட மாமியார் வீட்டுக்குப் போனால், முதல் வாரம் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது!

`இன்னாபா' என்ன பாவம் செய்தது?

கேலியில் அதிகம் அடிபட்டது சென்னைத் தமிழ்தான். `நாஷ்டா', `பேஜார்', `ஜல்தி' எல்லாம் உருது வழியாக வந்தவை. `நைனா', `டப்பு' தெலுங்கிலிருந்து வந்தவை. துறைமுக நகரத்தில் பல ஊர்க்காரர்கள் தோளோடு தோள் உரசி வேலை செய்ததன் அடையாளம் இது. `துட்டு' என்ற சொல் டச்சுக்காரர்களின் `டொய்ட்' என்ற செப்புக்காசிலிருந்து வந்தது. பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று நம் கரையெங்கும் அவர்கள் வியாபாரம் செய்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள். துட்டு மட்டும் சென்னையிலும் நெல்லையிலும் இன்னும் செலவாகிக்கொண்டிருக்கிறது.

கூடவே நல்ல பழைய தமிழும் அதில் உண்டு. `குந்து' என்பதும் `அப்பால' என்பதும் யாரும் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. அகராதியைத் திறந்தால் `குந்து', `அப்பால்' இரண்டும் இருக்கும்.

இருந்தும் ரிக்‌ஷா ஓட்டியவர்கள், மீன் விற்றவர்கள், மூட்டை தூக்கியவர்களின் பேச்சு என்பதாலேயே அதற்குக் `கொச்சை' என்று முத்திரை குத்தினார்கள். பேச்சை வைத்து ஊரைக் கணக்குப் போட்டு, அடுத்து சாதியையும் கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால், ஊர்ப்பேச்சை மறைக்கிற எல்லோரும் ஸ்டைலுக்காக மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட முடியாது. தன்னை யாரும் எடை போடக் கூடாது என்று மறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

சிரிக்க வைத்த பேச்சு, அழவும் வைத்தது

இதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. நீண்ட காலம் ஊர்ப்பேச்சு காமெடி டிராக்கில்தான் அதிகம் கேட்டது. ஹீரோவும் ஹீரோயினும் பொதுத்தமிழ் பேச, கூட வருபவர் ஊர்த்தமிழ் பேசுவார். 1995-ல் வந்த `சதிலீலாவதி'யில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் கொங்குத் தமிழில் பேசியதை இன்றைக்கும் டிவியில் ரசிக்கிறோம்.  ஆனால், அதுவும் சிரிப்புப் படம்தான்.

பிறகு காற்று மாறியது. 2007-ல் `பருத்திவீரன்', 2018-ல் `பரியேறும் பெருமாள்', 2019-ல் `அசுரன்', 2021-ல் வட சென்னைப் பேச்சோடு `சார்பட்டா பரம்பரை' என, கதையின் மொத்த வலியையும் ஊர்ப்பேச்சிலேயே சொன்ன படங்கள் வந்தன. பரியன் பேசும் தமிழைக் கேட்டு தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. பேச்சு அதேதான், கேட்கிற காதுதான் மாறியிருந்தது.

டாக்டருக்குப் புரியுமா?

இது வெறும் ரசனை விஷயம் இல்லை. உடம்பு முடியாமல் போகும்போது மனிதர்கள் தங்கள் ஊர்ப்பேச்சுக்குத்தான் திரும்புகிறார்கள்.

``தடுமம் பிடிச்சிருக்கு'' என்று நெல்லைப் பாட்டி சொன்னால் அது சளி. ``கிறக்கமா வருது'' என்றால் மயக்கம். ``நெஞ்சைக் கரிக்குது'' என்பதும் ``நெஞ்சை அடைக்குது'' என்பதும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் எரிச்சலைச் சொல்வது. இரண்டாவதைக் கேட்டால் உடனே எழுந்து பார்க்க வேண்டும். வலி என்ற ஒன்றையே குத்துது, குடையுது, கடுக்குது, இழுக்குது, உளையுது, நோவுது என்று எத்தனை விதமாகச் சொல்கிறோம்! ஒவ்வொன்றும் வேறு வேறு வலி.

வேறு மாவட்டத்திலிருந்து வந்த இளம் டாக்டருக்கு இது முதலில் புரியாமல் போகலாம். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் நர்ஸ்தான் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர். `ஒழுங்கா சொல்லுங்க பாட்டி' என்று ஒரு அதட்டல் போட்டால் பாட்டி `வலிக்குது' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். அவர் சொல்ல வந்த பாதி நோய் அவர் வாயிலேயே நின்றுவிடும். `அப்படின்னா எப்படி இருக்கும் பாட்டி?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மீதியும் வந்துவிடும்.

ஒரு விவசாயி, ஓர் ஆசிரியர், ஒரு மெக்கானிக்

ஊர்ச்சொற்கள் அழிந்துவிடக் கூடாது என்று மெனக்கெட்டவர்களும் இருக்கிறார்கள். கோவில்பட்டி அருகே இடைசெவலில் விவசாயியாக இருந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982-ல் கொண்டுவந்தார். பள்ளிப்படிப்பையே முடிக்காத அவர், பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். 1991-ல் சாகித்ய அகாடமி விருதும் பெற்றார்.

கல்லூரித் தமிழாசிரியரான பெருமாள்முருகன், கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000-ல் தந்தார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக வேலை பார்த்த விருத்தாசலம் பகுதி எழுத்தாளர் கண்மணி குணசேகரன், நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். மல்லாட்டை விளையும் மண்ணின் சொற்கள் அவை.

இவர்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை என்றும் சொல்லலாம். ஏனென்றால் தமிழ்ச் சொற்களை நான்காகப் பிரித்த தொல்காப்பியமே அதில் ஒன்றுக்குத் `திசைச்சொல்' என்று பெயர் வைத்திருக்கிறது. 12 நிலங்களில் வழங்கும் சொற்கள் என்று அதற்கு இலக்கணமும் சொல்கிறது. `தப்புத் தமிழ்' என்று அது சொல்லவில்லை.

இன்றைக்கு ராத்திரி கேளுங்கள்

அகராதி போட எல்லோராலும் முடியாது. ஆனால், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் பேசும்போது, பெரியவர்களிடம் இந்த ஐந்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்:

1. வீட்டின் பின்பக்கத்துக்கு நம்ம ஊரில் என்ன பெயர்?

2. விருந்தாளிக்கு என்ன சொல்வீர்கள்? (கொங்கில் `ஒரம்பரை' என்பார்கள்.)

3. விடியற்காலைக்கு என்ன சொல்? (மதுரையில் `வெள்ளன' எழுந்திருப்பார்கள்.)

4. சின்ன வயதில் விளையாடிய விளையாட்டில் `அவுட்' ஆனால் என்ன கத்துவீர்கள்?

5. இப்போது யாருமே சொல்லாத, ஆனால் உங்கள் அம்மா சொன்ன ஒரு சொல்?

பதிலை டைப் செய்ய வேண்டாம், வாய்ஸ் நோட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள். `தெளுவு' என்று எழுதி வைக்கலாம். அதைத் தாத்தா எப்படி இழுத்துச் சொல்வார் என்பதை எழுத முடியாது.

கடைசியாக ஒன்று. உங்கள் போனில் அவர் எண்ணை என்ன பெயரில் சேமித்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் `பாட்டி' என்றுதான் இருக்கும். அப்பாவின் அம்மாவை `அப்பத்தா' என்றும், அம்மாவின் அம்மாவை `அம்மாச்சி' என்றும் பிரித்துக் கூப்பிட்ட ஊர் உங்களுடையதாக இருக்கலாம். நெல்லை என்றால் `ஆச்சி'. சென்னை என்றால் `ஆயா'. உங்கள் வீட்டில் எதுவோ, அந்தப் பெயரை இப்போதே மாற்றி வையுங்கள். அடுத்த முறை ஆபீஸ் மேஜையில் போன் அடிக்கும்போது, பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து ``யாரு இது?'' என்று கேட்பார்.

சொல்லுங்கள்!