ஊட்டிக்குப் போனா டிரைவர் அண்ணன் எங்கே தூங்குவார்?

ஐ.வி. என்றாலே நம்ம ஆளுங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல்தான். இண்டஸ்ட்ரியல் விசிட்டில் 'இண்டஸ்ட்ரி' அரை மணி நேரம், 'விசிட்' ரெண்டு நாள்! ஆனா, நாம கவனிக்காமலே திரும்பி வர்ற இண்டஸ்ட்ரி ஒண்ணு அங்கே நிஜமாவே இருக்கு. நாம தங்கற லாட்ஜ், காலையில் சண்டை போட்டுக் குளிக்கிற வெந்நீர், ரூமுக்கு வர்ற டீ... எல்லாம் சேர்ந்த சுற்றுலாத் தொழில்.

2023-ல் வந்த தமிழக சுற்றுலாக் கொள்கை இதுக்குத் தொழில் அந்தஸ்தே கொடுத்திடுச்சு. சந்தோஷம். ஆனா ஏப்ரல், மே சீஸனில் சம்பாதிச்சதை வெச்சே மழைக்காலத்தை ஓட்டுற இருபது ரூம் லாட்ஜ்காரர், அந்தஸ்தை வெச்சு என்ன பண்ணுவார்? அவர் கல்லாவை நேரா தொடுறது ரெண்டே விஷயம். வரியும் வண்டியும்.

ஒருநாள் வாடகை 1,000 ரூபாய்க்குள்ளே இருந்த ரூமுக்கு முன்னே ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதுக்கும் 12 சதவிகிதம். 900 ரூபாய் ரூமுக்கு 108 ரூபாய் எக்ஸ்ட்ரா! 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 ரூபாய் வரைக்கும் 5 சதவிகிதம்னு குறைச்சாங்க. அதே ரூமுக்கு 45 ரூபாய்தான். நம்ம பர்ஸுக்கு நல்லது. ஆனா, லாட்ஜுக்கு கீஸரும் மெத்தையும் வாங்கும்போது ஓனர் கட்டின வரியை இதிலே கழிச்சுக்க முடியாது. வரி குறைஞ்சதைப் பெருமையா சொல்றவங்க இந்தப் பக்கத்தை மட்டும் மெல்ல முழுங்கிடறாங்க.

அடுத்தது வண்டி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ரெண்டு ஊருக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீஸனில் எண்ணிக்கைக்கும் பூட்டு. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கொதிச்சுப்போன நீலகிரி வியாபாரிகள் ஏப்ரல் 2-ம் தேதி கடையடைப்பே நடத்தினாங்க. கோபம் நியாயம்தான், சீஸனில் போன வாரம் திரும்பி வராது. ஆனா மலைப்பாதையில் மணிக்கணக்கா முன்னாடி கார் புகையை சுவாசிச்சவங்களுக்கு கோர்ட் சொல்றதும் புரியும்.

ஒரு இன்ஜினீயரிங் பையனா எனக்கு உறுத்தறது வேற. கணக்கு வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. நாலு நாலு பேரா 6,000 கார் ஏறினா 24,000 பேர். ஐம்பது ஐம்பது பேரா வெறும் 600 பஸ் ஏறினா 30,000 பேர்! பஸ் கொஞ்சம் அதிக இடம் அடைக்கும்தான், இருந்தாலும் கணக்கு மாறாது. காரை மேட்டுப்பாளையத்தில் நிறுத்த பெரிய பார்க்கிங், அங்கிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு அரசு பஸ். இது இருந்தா ரூமும் நிரம்பும், ரோடும் காலியா இருக்கும். விளம்பர போர்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி அரசாங்கம் பண்ண வேண்டியது இதுதான்னு நினைக்கிறேன். பஸ் வந்தா லாட்ஜுக்கு ஆள் குறையும்னு பயப்படறவங்க, எங்க கிளாஸைப் பார்க்கணும். ஒரே பஸ், பதினாலு ரூம்!

அந்த பஸ்ஸை ஓட்டிட்டு வந்தவர்? டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். நாம ரெண்டு கம்பளிக்குள்ளே நடுங்கும்போது, டிரைவர் அண்ணன் பெரும்பாலும் பஸ் சீட்டில் துண்டைப் போர்த்திக்கிட்டு சுருண்டிருப்பார். காலையில் அவர்தான் முப்பது, நாற்பது வளைவுகளில் நம்மை பத்திரமா இறக்கணும். ஹோட்டல், லாட்ஜ்கள் டிரைவர்களுக்குப் படுக்கை வசதியும் கழிப்பறையும் தரணும்னு 2023-லேயே தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்திடுச்சு. நல்ல விதி. சின்ன லாட்ஜ்காரரோ, "கட்ட இடம் எங்கே தம்பி?"ன்னு கேட்பார். மலையில் அதுவும் பொய்யில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நகராட்சியே பொதுவா ஒரு டார்மிட்டரி கட்டி, லாட்ஜ்களிடம் கட்டணம் வாங்கிக்கலாமே? சுற்றுலாவுக்குனு ஒதுக்கற பணத்தில் இதுக்கு முதல் இடம் கொடுத்தா யாரும் குறை சொல்லப்போறதில்லை.

அடுத்த ஐ.வி.க்கு ரூம் பேசற டூர் கமிட்டி நண்பர்களே... கேம்ப்ஃபயர் உண்டா, டி.ஜே. உண்டான்னு கேட்கறதுக்கு முன்னாடி, "டிரைவருக்கு எங்கே படுக்கை?"ன்னு கேட்டுட்டு அட்வான்ஸைக் கொடுங்க.