ஊசிக்கு உரிமம், மூலிகைக்கு?

அமெரிக்காவில் அக்குபங்சர் செய்ய யாருக்கு உரிமை உண்டு என்று கேட்டால், எந்த மாகாணத்தில் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். மருத்துவத் தொழிலுக்கு உரிமம் தருவது அங்கே மாகாணங்களின் அதிகாரம். படிப்பு, தேர்வு, செய்யக்கூடியது, கூடாதது எல்லாமே எல்லை தாண்டினால் மாறிவிடும்.

தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியாவில் குடியேறிய சீனர்களோடு அவர்களுடைய வைத்தியமும் வந்துவிட்டது. ஆனாலும் நூறாண்டுகளுக்கு மேல் வெளியுலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1971 ஜூலையில் பெய்ஜிங் சென்ற ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்கே குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்கு முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். அவர் எழுதியது முதல் பக்கத்தில் வந்ததும் நாடு முழுக்க ஆர்வம் பற்றிக்கொண்டது. அறுவை சிகிச்சையே மயக்க மருந்தில்லாமல் அக்குபங்சரால் நடந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அது தவறு, வழக்கமான மயக்க மருந்துதான் கொடுக்கப்பட்டது.

முதலில் சட்டம் இயற்றியது நெவாடா. 1973இல் ஹாங்காங்கிலிருந்து வரவழைக்கப்பட்ட சீன வைத்தியர் ஒருவர், கார்சன் சிட்டியில் சட்டமன்றத்துக்கு எதிரே இருந்த விடுதியில் சில வாரங்கள் சிகிச்சை அளித்தார். உறுப்பினர்கள் சிலர் தாங்களே போய்ப் படுத்து ஊசி குத்திக்கொண்டார்கள். மசோதா பெரும் ஆதரவோடு நிறைவேறியது. மருத்துவர்களின் மேற்பார்வை இல்லாமலே இயங்கும் தனித் தொழிலாக அக்குபங்சர் அங்கே அங்கீகாரம் பெற்றது.

கலிபோர்னியாவில் இது இவ்வளவு எளிதாக நடக்கவில்லை. சீனாவில் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பயின்ற மிரியம் லீ, அமெரிக்கா வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாலோ ஆல்டோவில் நோயாளிகளுக்கு ஊசி குத்தியதற்காக, உரிமமின்றி மருத்துவம் செய்தார் என்று 1974இல் கைது செய்யப்பட்டார். விசாரணையன்று அவருடைய நோயாளிகள் நீதிமன்றத்தில் திரண்டு, தங்களுக்குக் கிடைத்துவந்த சிகிச்சை தொடர வேண்டும் என்றார்கள். அவரை வெளியே விட அரசு கண்ட வழி, அக்குபங்சரை ‘சோதனை முறை’ என்று அறிவித்து, பல்கலைக்கழக ஆய்வின் பெயரில் அவரை அனுமதிப்பது. 1976இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட பிறகே கலிபோர்னியாவில் உரிமம் கிடைக்க வழி பிறந்தது. இந்தச் சட்டத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது அந்த நீதிமன்றத்தில் கூடிய நோயாளிகளுக்குத்தான் என்பேன்.

ஊசியைப் பொறுத்தவரை மத்திய அரசுக்கும் பங்கு உண்டு. ரோட் ஐலண்டில் 1984இல் ஒரே சிகிச்சையாளரிடம் ஊசி குத்திக்கொண்டவர்களில் 35 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றியது. கிருமிநீக்கத்தில் அசட்டை காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1996இல் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., அக்குபங்சர் ஊசியைச் ‘சோதனைக் கருவி’ என்ற நிலையிலிருந்து விடுவித்தது. கிருமி நீக்கியிருக்க வேண்டும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும், தகுதியுள்ளவர் கைக்குத்தான் போக வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

காப்பீட்டில் முரண்பாடு இருக்கிறது. முதியோருக்கான மெடிகேர் திட்டம், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மட்டும் 2020 ஜனவரி முதல் அக்குபங்சருக்குப் பணம் தருகிறது: 90 நாளில் 12 முறை, குணம் தெரிந்தால் மேலும் 8. ஆனால் இதையே முழுநேரத் தொழிலாகப் படித்தவர் மெடிகேருக்கு நேரடியாக பில் அனுப்ப முடியாது. மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

எனக்குப் பெரும் கவலை மூலிகைதான். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மூலிகைப் பொருள்கள் பெரும்பாலும் ‘உணவுத் துணைப்பொருள்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. நோயைக் குணமாக்கும் என்று லேபிளில் எழுதக் கூடாது. ஆனால் பாதுகாப்பானது என்று விற்பனைக்கு முன்பே அரசிடம் நிரூபித்து ஒப்புதல் வாங்க வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை.

இதன் ஆபத்தை உலகத்துக்குக் காட்டியது பிரஸ்ஸல்ஸ். அங்கே 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்க சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பெயர் ஒத்திருந்ததால் ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். சிறுநீரகம் அகற்றப்பட்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்ததாக 2000இல் வெளியான ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனம் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

எபிட்ரா என்ற மூலிகை கலந்த துணைப்பொருள்களை எஃப்.டி.ஏ. 2004இல் தடை செய்தபோது, பாரம்பரிய சீன மருத்துவத்தில் அதே மூலிகையைப் பயன்படுத்துவதற்குத் தடை விதிக்கவில்லை. வைத்தியரின் அறிவை நம்பிக் கொடுத்த விலக்கு அது. அந்த அறிவை யார் சோதிக்கிறார்கள்? கலிபோர்னியாவின் உரிமத் தேர்வில் மூலிகையும் பாடம். ஊசியில் மட்டும் தேறினாலே உரிமம் தரும் மாகாணங்களும் இருக்கின்றன. அங்கே மூலிகை தருபவர் அதற்கெனத் தனித்தேர்வு எழுதியவரா என்று நோயாளியேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வை எல்லா மாகாணங்களும் கட்டாயமாக்க வேண்டும்.