செல்வ நகருக்குப் போன வழி

'தௌலதாபாத்' என்றால் செல்வம் கொழிக்கும் நகரம் என்று பொருள். ஆனால், கிரீஷ் கர்னாட் 1964-ல் கன்னடத்தில் எழுதிய 'துக்ளக்' நாடகத்தில், அந்தச் செல்வ நகருக்குப் போகும் வழியெல்லாம் பசியும் சாவுமே!

இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள தேவகிரிதான் தௌலதாபாத். இந்துக்கள் மிகுந்த அவ்வூரைத் தலைநகராக்கினால் இரு சமயத்தாரும் ஒன்றுபடுவர் என்பது சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் கனவு. அதற்காக டில்லி மக்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் போக நேர்கிறது.

மனிதர் பெயர்களும் அப்படியே. அஜீஸ் என்றால் மதிப்புக்குரியவன். நாடகத்திலோ அவன் பலே எத்தன்! சலவைத் தொழிலாளியான அவன், விஷ்ணு பிரசாத் என்ற பிராமணனாக வேடமிட்டு, சுல்தான் மீதே வழக்குப் போட்டு வெல்கிறான். அரசு வேலையும் பெறுகிறான். தௌலதாபாத் போகும் வழியில், நோயுற்ற குழந்தையை வைத்தியரிடம் காட்டத் துடிக்கும் தாயிடம் லஞ்சம் கேட்கிறான். பின்னர் கலீபா வம்சத்தவர் ஒருவரைக் கொன்று, அவர் பெயரில் வந்து சுல்தானின் வரவேற்பையும் ஏற்கிறான்.

செம்பு நாணயத்துக்கு வெள்ளியின் மதிப்பு என்று சுல்தான் ஆணையிட, கள்ளக் காசு பெருகுகிறது. அரண்மனை ரோஜாத் தோட்டத்தில் மலைபோல் குவிகிறது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இந்நாடகத்தில் அந்தச் செம்புக் காசுகளே. முத்திரை ஒன்று, மதிப்பு வேறு.

கடைசியில் அஜீஸின் குட்டு உடைகிறது. சுல்தான் அவனைத் தண்டிக்கவில்லை. தக்காணத்தில் பதவி கொடுக்கிறார்!

செல்வ நகரை நோக்கி நடந்த அந்தத் தாய்க்கு என்ன கிடைத்தது? நாடகம் முடிந்த பிறகும் மனத்தை விட்டு அகலாத கேள்வி அதுதான்.